சனிக்கிழமைக் குட்டிகள்

ஜூன் 14, வெள்ளி.

முதலில் தவறை எழுதிவிடுகிறேன். அம்மாவுக்கு ஒரு சொல்லைப் பாதி மட்டும் சொல்லிக்கொடுத்தேன். மீதிப் பாதி இன்று காலை ரொட்டிக் கடை வரிசையில் என் முன்னால் வந்து நின்றது.

சொல் 'கப்ரீத்தா'. ஆட்டுக்குட்டி என்று பொருள். ஆனால் இந்தத் தால்கா ஊரில், ஏன், சிலே நாடு முழுவதிலுமே, சின்னப் பெண்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மார்ச் மாதம் அம்மா வெனிசுவேலாவிலிருந்து வந்து இறங்கிய மறுநாள், பள்ளிக்கூட வாசலில் நின்ற காவலாளி, "குட்டிங்களா, ஓரமா வாங்க" என்று சிறுமிகளை அழைத்தார். அம்மா திகைத்து என்னைப் பார்த்தாள். இங்கே பெண் பிள்ளைகளைக் குட்டி என்றுதான் சொல்வார்கள் என்று விளக்கினேன். அவளுக்கு அது பிடித்துப்போனது. இந்த நாட்டில் அவளுக்குப் பிடித்த முதல் விஷயம் அதுதான். இதுவரை கடைசியும் அதுதான்.

அதே சொல்லுக்குச் சோளப்பொரி என்றும் இங்கே பொருள் உண்டு. அதைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, தோன்றவில்லை. எங்கள் வீட்டில் சோளப்பொரிக்குப் பெயர் கோட்டூஃபா. நான் இங்கே வந்து நான்கு வருடமாகியும் வீட்டுக்குள் அது கோட்டூஃபாதான்.

செவ்வாய்க்கிழமை நடந்ததையும் ஒழுங்காக எழுதினால்தான் இன்றைய நாள் புரியும்.

அம்மா நெலிட்சா, வெனிசுவேலாவில் மாத்தூரின் என்ற எங்கள் ஊரில் வீட்டு முன்னறையிலேயே பிள்ளைகள் காப்பகம் நடத்தியவள். தெருவில் பாதிப் பிள்ளைகள் அவள் மடியில் தூங்கி எழுந்தவர்கள். பெற்றவர்கள் ஒவ்வொருவராக நாட்டை விட்டுக் கிளம்ப, பிள்ளைகளும் கிளம்ப, முன்னறை காலியானது. பிறகு அண்ணன் எவெர்த்தும் நானும் அவளை இங்கே வரவழைத்தோம். வந்த நாளிலிருந்து மேல்கோட்டைக் கழற்றாமல் மண்ணெண்ணெய் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு இங்கே என்ன வேலை, இந்த ஹீட்டருக்குக் காவலா என்று கேட்கிறாள். ஜூன் முடிந்ததும் திரும்பிப் போய்விடுவேன் என்பதைச் சண்டை போட்டுக்கூடச் சொல்லவில்லை, மழை வரும் என்பது போலச் சொல்கிறாள். ஊரிலிருந்து சொராய்டா பெரியம்மா போன் செய்யும்போதெல்லாம் தேதியைத்தான் கேட்கிறார்.

இந்த நிலையில் செவ்வாயன்று எங்கள் தெருச் சங்கத்தின் தலைவி எத்தெல்வினா அம்மாள் கதவைத் தட்டினார். குளிர்காலத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை சங்கக் கூடத்துச் சுவரில் படம் காட்டுவார்கள். யார் யார் என்ன உதவி செய்வது என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். அம்மாதான் கதவைத் திறந்தாள்.

"சனிக்கிழமை குட்டிங்க உங்க பொறுப்பு, நெலிட்சாம்மா. சரிதானே போ?"

அந்தப் 'போ' போகச் சொல்வதல்ல. இங்கத்து ஆட்கள் எந்த வாக்கியத்தை முடித்தாலும் கடைசியில் ஒரு 'போ' வைப்பார்கள். சரி போ, ஆமா போ, குளிருது போ. அம்மா அதைக் கேட்கும்போதெல்லாம் மூக்கைச் சுளித்து, "பேசி முடிச்சதும் கதவைச் சாத்தற சத்தம் மாதிரி இருக்கு" என்பாள். அன்றைக்கு மட்டும் சுளிக்கவில்லை. ஈரத் தலையோடு நான் வெளியே வருவதற்குள் ஒப்புக்கொண்டுவிட்டாள். குட்டிங்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். நானும் நம்பினேன்.

மறுநாள் காலை அவள் எனக்கு முன்னால் எழுந்திருந்தாள். தலை வாரியிருந்தாள். நான் வேலை பார்க்கும் நகல் கடையில் வீணாகும் அட்டைகள் இருந்தால் கொண்டு வா என்றாள். கொண்டுவந்தேன். அவற்றை வெட்டி, தலையில் மாட்டும் பட்டை செய்து, பட்டைக்கு இரண்டு பக்கமும் ஆட்டுக் காது ஒட்டத் தொடங்கினாள். குட்டிகள் என்றால் காது வேண்டாமா என்று அவளே சொல்லிச் சிரித்துக்கொண்டாள்.

அவள் சிரித்து நான் கேட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். இந்த நாட்டில் இல்லை.

இனி இன்று காலை.

பனி விலகாத நேரம். ரொட்டிக் கடையில் எத்தெல்வினா அம்மாள் எனக்கு முன்னால் நின்றார். திரும்பிப் பார்த்து, "மகளே, அம்மாகிட்டப் பெரிய சட்டியா எடுத்துட்டு வரச் சொல்லு போ. போன மாசம் குட்டி பத்தாமச் சண்டையே வந்துருச்சு" என்றார்.

என்ன சட்டி என்று கேட்டேன்.

"குட்டி பொரிக்கத்தான் போ. கையில வச்சா பொரிப்பாங்க?"

எனக்கு முதலில் வாலாட்டும் ஆட்டுக்குட்டிதான் கண்ணில் வந்தது. அடுத்த கணம் சோளப்பொரி என்று புரிந்தது. அவர் ரொட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கடைக்காரர் இரண்டு முறை கேட்ட பிறகுதான் எனக்கு எவ்வளவு ரொட்டி வேண்டும் என்பதே நினைவுக்கு வந்தது.

வீட்டில் அம்மா மேசை முழுக்கக் காதுகளைப் பரப்பி வைத்திருந்தாள். சிலவற்றுக்கு உட்பக்கம் இளஞ்சிவப்பு வண்ணம். ஒன்றை என் தலையில் மாட்டி, தள்ளி நின்று பார்த்து, பெரிய தலைக்கும் பொருந்துகிறது என்றாள். சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். "டீ போடட்டுமா?" என்று வந்தது.

எவெர்த் மோட்டார் சைக்கிளில் வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவன். மதிய ஓட்டம் தொடங்குவதற்கு முன் வந்தான். அவனைக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துப் போய்ச் சொன்னேன். முதலில் சிரித்தான். பிறகு ஜன்னல் வழியாக அம்மாவையும் காதுகளையும் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

"சொல்லாதே" என்றான்.

"எப்படிச் சொல்லாம இருக்கறது? நாளைக்கு அவங்க சட்டி எங்கன்னு கேப்பாங்க."

"சட்டி நம்மகிட்ட இருக்கும். அவங்களுக்குப் பொரி வேணும், அம்மாவுக்குப் புள்ளைங்க வேணும். ரெண்டையும் குடுத்துட்டா யாருக்கு என்ன நஷ்டம்? சினிமாக் கொட்டகைல விக்கற மாதிரி செஞ்சு வாயை அடைச்சிரணும். சாப்பிடறவன் கேள்வி கேக்க மாட்டான்."

அது சரியான வழியா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. ஆனால் அம்மா தங்குவாளா போவாளா என்பது இந்த ஒரு சனிக்கிழமையில் தொங்குகிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. நகல் கடைக்குப் போன் செய்து விடுப்பு சொன்னேன். எவெர்த் மதிய ஓட்டத்தை விட்டுவிட்டான். வெள்ளிக்கிழமை நான் படிக்கும் மாலைப் பள்ளியும் கிடையாது. அம்மாவிடம், நாளை கூடத்தில் நாங்கள் கொறிக்க என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தோம்.

முதல் சட்டியில் வீட்டில் இருந்த சூரியகாந்தி எண்ணெய். பொரிந்த பிறகு மேலே உருகிய வெண்ணெய், அதற்கு மேலே உப்பு. வெண்ணெய் பட்ட பொரி எல்லாம் சுருங்கி நமுத்தது. உப்பு ஒட்டாமல் பாத்திரத்தின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. எவெர்த் ஒரு கை அள்ளி மென்றான்.

"கொட்டகைப் பொரின்னா வாசல்லேயே வாசனை சட்டையப் புடிச்சு உள்ள இழுக்கணும். விரல்ல மஞ்சளா ஒட்டணும். இது ஆஸ்பத்திரிப் பொரி."

வாசனை எதனுடையது என்று யோசித்தோம். வெண்ணெய் என்று நான் சொன்னேன். இல்லை, இன்னொன்று இருக்கிறது, இனிப்பாக, கனமாக என்றான். கிளம்பிப் போய், உடம்பைக் குறைப்பவர்களுக்குச் சாமான் விற்கும் கடையிலிருந்து ஒரு சின்னப் புட்டி தேங்காய் எண்ணெய் வாங்கி வந்தான். குளிரில் கல்லாக உறைந்திருந்தது. தலையில் தடவுவதை வாங்கி வந்துவிட்டானோ என்று புட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். சமையலுக்குத்தான்.

இரண்டாவது சட்டி. தேங்காய் எண்ணெயை ஊற்றி, சோளத்தைப் போட்டு, மூடியை இறுக்கி மூடினேன். மூடியைத் திறந்தால் வாசனை சரி. கடித்தால் தோல் மாதிரி இழுத்தது. உள்ளே சிக்கிய ஆவிதான் காரணம் என்று நினைக்கிறேன். அடியில் கொஞ்சம் கருகியும் இருந்தது, எண்ணெயை அதிகமாகக் காயவிட்டிருந்தேன்.

எனக்கு எதையும் முதல் தடவையே சரியாகச் செய்யத் தெரியாது. மாலைப் பள்ளியிலும் அப்படித்தான். ஊரில் முடித்த படிப்பை இங்கே ஏற்காததால் அதே பாடங்களைத் திரும்பப் படிக்கிறேன், திரும்பவும் முதல் தேர்வில் கோட்டை விடுகிறேன். ஆனால் ஒரு தடவை செய்த தவறை அடுத்த தடவை செய்ய மாட்டேன். என்னிடம் உள்ள ஒரே சாமர்த்தியம் அது.

மூன்றாவது சட்டிக்கு உப்பை மிக்ஸியில் போட்டு மாவாக அரைத்தேன். வெண்ணெயைச் சின்னத் தீயில் வைத்து, அதிலுள்ள தண்ணீர் சடசடத்து அடங்கும்வரை உருக்கி, அடியில் தங்கிய கசடை விட்டு மேலே தெளிந்ததை மட்டும் எடுத்துவைத்தேன். தேங்காய் எண்ணெய் உருகியதும் ஒன்றிரண்டு சோளத்தை மட்டும் போட்டுக் காத்திருந்தேன். அவை வெடித்த பிறகு மீதியை ஒரே அடுக்காகப் பரப்பி, உப்பு மாவை எண்ணெயிலேயே தூவினேன். மூடியை ஆவி போகும் அளவுக்குச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு சட்டியை ஆட்டிக்கொண்டே இருந்தேன். பொரிந்து முடிந்ததும் தெளிந்த வெண்ணெயை மேலே சுற்றி ஊற்றிப் புரட்டினேன்.

அம்மா காதுகளை விட்டுவிட்டு அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள். வாசனை அவளையும் இழுத்திருந்தது.

"வெளுப்பா இருக்கே, அம்மாடி" என்றாள். ஊரிலிருந்து கொண்டுவந்த ஒனோட்டோ விதைப் புட்டியை எடுத்தாள். எங்கள் பக்கம் குழம்புக்கு நிறம் கொடுக்கும் சிவப்பு விதை. அடுத்த சட்டிக்கான எண்ணெயில் சில விதைகளைப் போட்டு, நிறம் இறங்கியதும் கரண்டியால் அரித்து எடுத்தாள். எண்ணெய் மஞ்சளானது. அந்தச் சட்டி பொரிந்து நின்றதும் எவெர்த் ஒரு கை அள்ளித் தின்றான். விரலைத் தூக்கிக் காட்டினான். மஞ்சளாக ஒட்டியிருந்தது.

அம்மாவும் ஒரு பிடி எடுத்துக்கொண்டாள். நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு மேசையில் இருந்த பெரிய அண்டாவையும், எவெர்த் எண்ணெயோடு வாங்கி வந்து கீழே சாய்த்து வைத்திருந்த சோள மூட்டையையும் பார்த்தாள்.

"யாருக்கு இவ்வளவு?"

எவெர்த் என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று.

நான் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் நாளைக்குக் கூடத்தில், எல்லோர் முன்னாலும், தலையில் காதோடு நிற்கும்போது வேறு யாரோ சிரித்துக்கொண்டே அவளுக்குச் சொல்வதை நினைத்துப் பார்த்தேன். அதைவிட அடுப்படி மேல்.

"அம்மா, குட்டின்னா இங்க இதுவுந்தான்" என்று பாத்திரத்தைக் காட்டினேன். "எத்தெல்வினாம்மா கேட்டது இதை."

அம்மா கையிலிருந்த பொரியைப் பார்த்தாள். தின்னாமல் திரும்பப் பாத்திரத்தில் போட்டாள்.

"அப்ப அந்தம்மா என்னை நம்பிப் புள்ளைங்களைக் குடுக்கல. சட்டியக் குடுத்திருக்கு."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அலமாரிக்கு மேலிருந்து பயணப்பெட்டி இறங்கும் சத்தம் கேட்டது. அதன் ஒரு சக்கரம் ஏற்கெனவே உடைந்திருந்தது. தரையில் இழுத்தால் அந்தச் சத்தம் தனியாகத் தெரியும்.

"வாயை ஒரு நாள் மூடி வச்சிருக்கக் கூடாதா, வாத்தியாரம்மா?" என்றான் எவெர்த். நான் புத்தகமும் கையுமாக அலைவதால் எனக்கு அவன் வைத்த பெயர் அது. வழக்கமாகக் கேலியாகச் சொல்வான். இன்று கேலி இல்லை. அடுப்பை அணைத்தேன். உள்ளே பெட்டியின் ஜிப் திறப்பது கேட்டது.

கதவு திறந்தபோது அம்மா மேல்கோட்டோடு நின்றாள். கோட்டுப் பொத்தான் போடவில்லை. உள்ளே காப்பகத்தில் போடும் மஞ்சள் மேலங்கி. முன்னால் இரண்டு பெரிய பைகள் வைத்தது. ஒரு பையில் கைக்குட்டை, ஒரு பையில் பிஸ்கட் என்று வருடக்கணக்காக அவள் பிள்ளைகள் நடுவே நடந்தது அந்த அங்கியோடுதான். அதைப் பெட்டியில் கொண்டுவந்திருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது.

காதுகளை ஒரு துணிப்பையில் அடுக்கினாள்.

"ராசா, நீ வேலைக்குப் போ. மிலெய்டி, அந்தப் பொரியில ஒரு கிண்ணம் எடுத்துக்க. அந்தம்மா வீடு எது?"

நான்கு வீடு தள்ளி. மார்ச்சிலிருந்து இருக்கிறாள், அது தெரியாது அவளுக்கு.

எத்தெல்வினா அம்மாள் மாலைத் தேநீருக்கு உட்கார்ந்திருந்தார். ரொட்டியில் அவகாடோ மசித்துத் தடவிக்கொண்டிருந்தவர், உட்காருங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா உட்காரவில்லை. நின்றபடியே, தான் எதை எதுவாகப் புரிந்துகொண்டோம் என்பதைச் சொல்லி முடித்தாள். குட்டி, காது, எல்லாவற்றையும்.

எத்தெல்வினா அம்மாள் சிரித்தார். கெட்ட சிரிப்பு அல்ல. ஆனால் நீளமான சிரிப்பு. இருமல் வந்து, தண்ணீர் குடித்து, காதுகளைப் பார்த்து மறுபடி சிரித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அவரையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள், அழும் பிள்ளை ஓயட்டும் என்று காத்திருப்பது போல.

"சிரிச்சு முடிச்சீங்களா?" என்றாள். "இப்ப நான் கேக்கறேன். போன மாசம் படம் பாதியில நின்னு போச்சுன்னு செவ்வாய்க்கிழமை நீங்கதான் சொன்னீங்க. ஏன்?"

"புள்ளைங்கதான் போ. திரைக்கு முன்னாடி ஓடுதுங்க, ஒயர் தடுக்கி எல்லாம் அணைஞ்சு போச்சு."

"அந்தப் புள்ளைங்களை யார் பாத்துக்கிட்டாங்க?"

எத்தெல்வினா அம்மாள் கத்தியைக் கீழே வைத்தார். "யாரும் இல்ல" என்றார். அதில் 'போ' இல்லை.

"நாளைக்கு நான் பாத்துக்கறேன். நீங்க கேட்ட பொரியும் வரும், என் புள்ளைங்க கொண்டுவருவாங்க. ரெண்டு குட்டியும் என் பொறுப்பு."

பெற்றவர்கள் கேட்பார்களே, யார் இந்தம்மா, எங்கிருந்து வந்தார் என்று, எத்தெல்வினா அம்மாள் தயங்கினார். அம்மா, கேட்கட்டும், நான் ஒளியப் போவதில்லை, கூடத்து நடுவில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில்தான் இருப்பேன், சந்தேகம் உள்ளவர்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரட்டும் என்றாள். எத்தெல்வினா அம்மாள் ஒரு காதுப் பட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"பொண்ணுங்களுக்கு மட்டுமா? பசங்க அழுவானுங்க போ."

"பசங்களுக்குக் கொம்பு" என்றாள் அம்மா.

கொம்பு ஒன்றுகூடச் செய்திருக்கவில்லை. அந்த நிமிடம் யோசித்தது.

எத்தெல்வினா அம்மாளின் முகம் இளகியது. கிண்ணத்திலிருந்து ஒரு பிடி பொரியை எடுத்து வாயில் போட்டார். அவர் மெல்வது நின்றது.

"உப்பா?"

"கொட்டகைல விக்கற மாதிரி செஞ்சோம்" என்றேன்.

"எந்த ஊர்க் கொட்டகைல? நான் பாவாடை கட்டின நாள்லேருந்து இங்க கொட்டகைன்னா இனிப்புதான் போ. இதைக் குடுத்தா வெளிநாட்டுலேருந்து வந்தவங்க கெடுத்துட்டாங்கன்னு பேச்சு வரும். பொரியே சரியா வரலன்னு பேசறவங்ககிட்ட, புள்ளைங்களை இவங்ககிட்ட விடுங்கன்னு நான் எந்த வாயால சொல்லட்டும்?"

காலையிலிருந்து நான் செய்த நான்கு சட்டியும் என் கண் முன்னால் வரிசையாக வந்து போயின. கேட்டிருக்க வேண்டும். உப்பா, சர்க்கரையா என்ற ஒரே கேள்வி. நான்கு வருடமாக இங்கே இருப்பவள் நான்.

அம்மா அசையவில்லை. "இனிப்பாவே வரும்" என்றாள்.

தெருவில் இறங்கியதும் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டாள். "சர்க்கரை போட்டு இதை எப்படிச் செய்யறது?"

"தெரியாதும்மா."

"நல்லதாப் போச்சு. ஒரு தடவை கெடுத்துட்டா உனக்குத் தெரிஞ்சுரும்."

கெடுத்தேன். உப்பை முதலிலேயே எண்ணெயில் போட்டது சரியாக வந்ததால் சர்க்கரையையும் முதலிலேயே போட்டேன். சோளம் வெடிப்பதற்குள் சர்க்கரை கரிந்து, அடி பிடித்து, வீடே புகைந்தது. அம்மா ஜன்னலைத் திறந்தாள். சட்டியில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்தோம். வேலையிலிருந்து வந்த எவெர்த் வாசலிலேயே நின்று, தெருமுனைவரை வாசனை வருகிறது, தீயணைப்பு வண்டியைக் கூப்பிடட்டுமா என்றான். அதற்குள் அவனுக்கும் எனக்கும் நடுவே சமாதானம் ஆகிவிட்டது என்று அந்தக் கேலியிலிருந்து தெரிந்துகொண்டேன்.

அடுத்த சட்டியில் முதல் சோளம் வெடிக்கும்வரை சர்க்கரையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வெடித்ததும் ஒரே வீச்சில் போட்டு மூடினேன். எவெர்த் இரண்டு கைப்பிடியையும் துணியோடு பிடித்து நிறுத்தாமல் குலுக்கினான். சத்தம் குறையத் தொடங்கியதுமே, முழுதாக நிற்கும்வரை காத்திருக்காமல், தட்டில் கொட்டிப் பரப்பினோம். பாதிப் பொரியில் சர்க்கரை பளபளவென்று ஒட்டியிருந்தது. பாதியில் ஒட்டவே இல்லை. ஒரு ஓரம் கசந்தது. ஆனால் கடித்தால் நொறுங்கியது.

நாளைக்குக் கூடம் நிறையும் அளவுக்கு இதைச் செய்ய வேண்டும். என்னால் முடியுமா என்று தெரியவில்லை. இன்னொரு சட்டி வைத்தோம்.

அது அடுப்பில் இருக்கும்போதுதான் போன் அடித்தது. சொராய்டா பெரியம்மா. அம்மா கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் கொம்பு வெட்டிக்கொண்டிருந்தாள். பெரியம்மாவின் குரல் எங்களுக்கும் கேட்டது. டிக்கெட் இப்போது எடுத்தால்தான் கிடைக்கும், என்ன தேதி சொல்லட்டும் என்று கேட்டார்.

எவெர்த் சட்டியைக் குலுக்குவதை நிறுத்திவிட்டான்.

"குலுக்கு, ராசா, கருகிரும்" என்றாள் அம்மா. பிறகு போனில், "அக்கா, இப்பப் பேச முடியாது. குட்டி அடுப்புல இருக்கு போ" என்றாள்.

"என்னது அடுப்புல இருக்கு?" என்று பெரியம்மா கேட்டார். "அதென்னடி கடைசியில, போ?"

அம்மா அதற்குள் போனை மேசையில் வைத்திருந்தாள். தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. எவெர்த் என்னைப் பார்த்தான். நான் மூடியைப் பிடித்துக்கொண்டேன்.

தேதியை அவள் சொல்லவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன். இதை எழுதும்போது அவள் அறையைத் தாண்டி வந்தேன். பயணப்பெட்டி இன்னும் தரையில்தான் இருக்கிறது, திறந்தபடி. காலியாக இருக்கிறது. அலமாரி மேல் தூக்கி வைக்கவில்லை. எவெர்த்திடம் அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

நாளை: காலையில் சந்தையில் சர்க்கரையும் சோளமும் வாங்க வேண்டும். எத்தெல்வினா அம்மாளிடம் இன்னொரு பெரிய சட்டி கேட்க வேண்டும். முதல் வெடிக்கு முன் சர்க்கரை போடக் கூடாது. அம்மாவோடு உட்கார்ந்து பையன்களுக்கான கொம்புகளை ஒட்டி முடிக்க வேண்டும். கூடம் திறக்கும்போது நாங்கள் மூவரும் வாசலில் இருக்க வேண்டும்.